சொல்பேச்சு கேட்காத இமை

தேத்தண்ணி ஆற்றும் அப்துல் ஹமீதின் இடது இமை, சாப்பிட வந்த ரோஹானாவின் முன்னால் தானாக இறங்கியபோது கடையில் மாலைக் கூட்டம். கண்ணடித்துவிட்டான் என்று அவள் புருஷன் மேசையை ஓங்கித் தட்டினான். கடை முதலாளி ஷாருல், ஹமீதின் மனைவிக்குத் தம்பி, ஓடிவந்து "மாஃப் பாங், மாஃப்" என்று அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். ஹமீதுக்கு அதுதான் பொறுக்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்க இவன் யார்?

"இனிமே கல்லாவுல உக்காருங்க மச்சான். கையும் தொங்கிப் போவுது, கண்ணும் சும்மா இருக்க மாட்டேங்குது லா."

கல்லாவிலா? ஹமீது குவளையை உயரத் தூக்கி இழுத்து ஆற்றிய தே தாரே தேநீர் ஒருமுறை காற்றில் பறந்து, பட்டர்வொர்த்திலிருந்து வந்துகொண்டிருந்த ஃபெர்ரியில் ஒருவர் குவளையில் விழுந்தது. அவர் சர்க்கரை தூக்கல் என்று மட்டும் குறை சொன்னார். அப்பேர்ப்பட்ட கை அது.

வீட்டில் மனைவி சலேஹா சந்தேகமே படவில்லை. "கண்ணடிக்க உங்களுக்குத் தைரியம் ஏது?" என்று சொல்லி, இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் காமினி இமைமேல் ஐஸை வைத்துப் பிடித்தார். எடுத்தபோது இமை கடைக்கதவு போல மேலே ஏறியிருந்தது. இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் உட்காரவைத்துச் சொன்னார்.

"நரம்பு 'தூக்கு'ன்னு சேதி அனுப்புது அங்கிள். அத வாங்கிக்கிற புரதம் தசையில இருக்கு, ரிசெப்டர்னு பேரு. உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே அத அடைச்சு அழிக்குது. மொதல்ல தூக்கலாம். தூக்கத் தூக்க, சேதி போய்ச் சேராது."

"யாரக் கேட்டு அழிக்குது?" ஹமீது போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "சோறு போட்டு வளத்தது நானு!"

டாக்டர் மாத்திரை எழுதினார். "இதப் போட்டா கையும் இமையும் கொஞ்ச நேரம் தாங்கும்."

மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஹமீது கடைக்குள் நுழைந்து, தேத்தண்ணி மேடையில் நின்றவனை இடித்துத் தள்ளிவிட்டுக் குவளைகளைப் பிடித்தார்.

"மச்சான், சொன்னா கேளுங்க..."

"வியாதிடா இது! நீ கேட்ட மன்னிப்பப் போய்த் திருப்பி வாங்கிட்டு வா. அப்புறம் பேசு."

இழுத்தார். மறுபடி இழுத்தார். அடுத்து இழுக்கும்போது மேல் கை மெல்ல இறங்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்தார்; கை கேட்கவில்லை. ஷாருலின் உள்ளங்கை அவர் முழங்கைக்கு அடியில் வந்து நின்றது.

"எடுடா கைய."

ஷாருல் எடுக்கவில்லை. ஹமீது அவனை முறைத்தபடியே நின்றார். இரண்டு குவளைகளுக்கும் நடுவே, குட்டையாகிப்போன அந்தப் பழுப்பு இழை அறுபடாமல் விழுந்துகொண்டிருந்தது.