புதன்கிழமை போனால் கூட்டம் இருக்காது

குடும்பத்தோடு தீம் பார்க் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை போகவே கூடாது. இதைச் சேலையூரில் எங்கள் காலனிக்காரர்களிடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை போக வேண்டும். அதுவும் மே மாதக் கடைசிப் புதன். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று ஊரே உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கும். பார்க்கில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆறு வருடம் முப்பது முப்பத்தைந்து பேரைக் கட்டி மேய்த்துத் தெரிந்துகொண்டது.

என் பெயர் தேவானந்தம். பொதுப்பணித் துறையில் வரைபடம் போடுகிற வேலை. கோடு ஒரு மயிரிழை விலகினாலும் எனக்குப் பொறுக்காது. காலனிச் சங்கத்தில் சுற்றுலாச் செயலாளர் என்று ஒரு பதவியே எனக்காகத்தான் உண்டாக்கினார்கள். இரண்டாயிரத்தில் தொடங்கி ஒவ்வொரு கோடையிலும் கேளம்பாக்கம் தாண்டி இருக்கிற ஒரு பார்க்குக்கு எல்லோரையும் கூட்டிப் போவேன். 2006இல் போனதுதான் கடைசி. அந்த வருடம் என் மனைவியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். காலனியிலும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள்.

என் ஏற்பாட்டில் ஓட்டை இருந்தது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. பத்தரைக்குக் கேட் திறந்தால் பத்துக்கே வாசலில் நிற்போம். உள்ளே போனதும் ஜனங்கள் கண்ணில் பட்ட முதல் ராட்டினத்தில் போய் விழுவார்கள். நாங்கள் நேரே கடைசிக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி வருவோம், வரிசையே இருக்காது. தண்ணீர் விளையாட்டெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான். காலையிலேயே நனைந்தால் பிள்ளைகள் நாள் முழுக்க ஈரத்தில் நடுங்கும். செயற்கையாக அலை எழுப்புகிற வேவ் பூலில் பருத்தித் துணியோடு விட மாட்டார்கள், ஆகவே ஆளுக்கொரு நைலான் உடுப்பு கட்டாயம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே புளிசாதம் வேனிலேயே இருக்கும். கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போவோம். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு எலுமிச்சம்பழம். தொலைந்து போகிற பிள்ளைக்கு, மணிக்கட்டில் பால்பாயிண்ட் பேனாவால் என் செல்போன் நம்பர்.

இன்னொன்று. பைகளைக் காக்க ஓர் ஆள் வேண்டும். முப்பது பேரின் மாற்றுத் துணியையும் கடிகாரத்தையும் மூக்குக் கண்ணாடியையும் எந்த லாக்கரில் வைப்பது? வேவ் பூலுக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. அதன் அடியில் ஜமக்காளம் விரித்து ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போதும். ஆறு வருடமும் அப்படி உட்கார்ந்தது என் மனைவி ஞானசுந்தரி. யார் சொல்லி உட்கார்ந்தாள் என்று கேட்டால், யாரும் சொல்லவில்லை. செயலாளர் மனைவி உட்காராமல் வேறு யார் உட்காருவார்கள்? காலையில் மூன்று மணிக்கு எழுந்து அத்தனை பேருக்கும் புளிசாதம் கிளறியவளும் அவள்தான்.

போவதற்கு ஒரு வாரம் முன்னால் நான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். குடும்பத்துக்கு ஒரு வரி. குடும்பத் தலைவர் பெயர், பக்கத்தில் தலை எண்ணிக்கை. எட்டுக் குடும்பம், முப்பத்திரண்டு தலை. எங்கள் குடும்பத்தை நான் எழுதுவதில்லை. கல்யாண வீட்டில் வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில்தானே உட்காருகிறார்கள்? நம் பேரை நாமே எழுதிக்கொண்டால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

சுந்தரி காபியை வைத்துவிட்டு நின்றாள்.

"என்னங்க, இந்த வருஷம் பையை வேற யாராச்சும் கொஞ்ச நேரம் பாத்துக்கட்டுமே."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த அலை வர்ற குளத்துல நீங்களும் நானும் ஒரு தடவை நிக்கலாம்னு தோணுது. ஆறு வருஷமா எதுத்தாப்புல உக்காந்து வேடிக்கைதான் பாக்குறேன். கிறிஸ்டினாவுக்குக் கல்யாணம் ஆகிப் போனப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயுமே போகலையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்தெட்டு வயதில் அலையில் நிற்க ஆசை. ஆனால் அவள் சிரிக்கவில்லை. "சரி, நாலு மணிக்குப் போகலாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பப் பட்டியலுக்குக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. இரண்டு வேன். முதல் வேனில் டிரைவர் பக்கத்தில் நான். இரண்டாவதில் பெண்களும் பாத்திரங்களும். புதன்கிழமை என்பதால் ராட்டினமெல்லாம் காலியாகக் கிடந்தது. "சார், உங்க மூளையே மூளை" என்று கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற அத்தாவுல்லா என் தோளில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு மணிக்கு ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்துவிட்டது. முதலுதவி அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே மருந்து போடும் பெண் சாவகாசமாக வந்ததற்கு அவளோடு ஒரு சண்டை. பிறகு மானேஜரைத் தேடிப் போய், போன வருடமே நான் எழுதிக் கொடுத்த ஆலோசனைகள் என்ன ஆயின என்று ஒரு விசாரணை. மானேஜர் அறை வாசலுக்கு அத்தாவுல்லாவின் மனைவி ஜெய்னப் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அண்ணா, அக்கா குளத்துகிட்ட நிக்கிறாங்க. உங்கள வரச் சொன்னாங்க. பையெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"பத்து நிமிஷத்துல வரேன்னு சொல்லும்மா."

அந்தப் பத்து நிமிடம் முடியவே இல்லை. மானேஜர் என்னை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். என் புதன்கிழமை யோசனையைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தபோது ஐந்தேகால்.

ஐந்தரைக்கு வண்டி கிளம்பும், பிந்துகிறவர்கள் பஸ் பிடித்து வரலாம் என்று ஒவ்வொரு வருடமும் காலையிலேயே அறிவிப்பேன். அந்த வருடமும் அறிவித்திருந்தேன். வேன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு எண்ணினேன். அத்தாவுல்லா, ஐந்து. ஏகநாதன், நான்கு. முப்பத்திரண்டும் சரி. இரண்டு வேனின் கூரையிலும் தட்டினேன். கிளம்பிவிட்டோம்.

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் மாட்டிக்கொண்டோம். பிள்ளைகள் தூங்கிவிட்டன. நான் மட்டும் விழித்துக்கொண்டு, அடுத்த வருடம் மூன்று வேன் வைக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூடச் சுந்தரி நினைப்பு எனக்கு வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

காலனி வாசலில் பாத்திரங்களை இறக்கும்போது ஜெய்னப் ஒரு ரெக்சின் பையை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா பை, அண்ணா. அக்காவோட சேலை இதுலதான் இருக்கு. அவங்க எங்க?"

"உங்க வேன்லதானே வந்தா?"

"இல்லண்ணா. நீங்க குளத்துகிட்ட போயிருப்பீங்க, ரெண்டு பேரும் ஒண்ணா வந்து உங்க வேன்ல ஏறியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். "செயலாளர் சாரே வீட்டம்மாவை விட்டுட்டாரா!" பிறகு ஜெய்னப் அழ ஆரம்பித்தாள். சிரிப்பு நின்றுபோனது. சுந்தரியிடம் செல்போன் இல்லை. பர்ஸ் அந்தப் பையில் இருந்தது. மாற்றிக்கொள்ளச் சேலைகூட அவள் கையில் இல்லை.

அத்தாவுல்லா தன் ஆம்னி வண்டியை எடுத்தார். போகிற வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டே போனேன். ஜெய்னப் பார்த்திருக்க வேண்டாமா, டிரைவர் கேட்டிருக்க வேண்டாமா, இவளாவது நேரத்தோடு வந்திருக்க வேண்டாமா என்று. அவர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

பார்க் மூடிக் கிடந்தது. வாசலில் ஒரு வாட்ச்மேன் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒரே ஒரு அம்மாதான் சார் குந்திகினு இருந்துச்சி. நீலக் கலர் சுடிதாரு. தலையெல்லாம் ஈரம்."

"அது வேற யாராவது இருக்கும்ப்பா. எங்க வீட்டம்மா சேலைதான் கட்டுவாங்க."

"சேலையூருன்னு சொல்லிச்சே சார். பசங்கள்லாம் என்னை வுட்டுட்டுப் பூட்டாங்கன்னு சிரிச்சிகினே சொல்லிச்சி."

வேவ் பூலில் நிற்பதற்காக அவள் மகளிடம் நைலான் சுடிதார் வாங்கி வைத்திருந்திருக்கிறாள். பருத்திச் சேலையோடு விடமாட்டார்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். என் மனைவி என்ன உடுத்துவாள் என்று யோசித்திருக்கிறேனா? வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுடிதார் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அந்தத் தண்ணீரில் எனக்காக நின்றிருக்கிறாள். விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிய பிறகுதான் வந்திருக்கிறாள். மரத்தடியில் பையும் இல்லை, ஜமக்காளமும் இல்லை.

"போன் பண்ணித் தரவாம்மான்னு கேட்டேன் சார். நம்பர் தெரியும், வேணாம்னுடுச்சி. டீ வாங்கிக் குடுத்தேன், பஸ்ஸுக்குப் பத்து ரூபாயும் குடுத்தேன். ஏழு மணிக்கு எங்க ஸ்டாஃப் வண்டி வண்டலூர் போச்சு, அதுல ஏறிகினு பூட்ச்சி. இன்னா சார், சண்டையா?"

"இல்லப்பா" என்றேன்.

அப்போது செல்போன் அடித்தது. மகள் கிறிஸ்டினா. அவளும் மாப்பிள்ளையும் காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஊழியர் குடியிருப்பில் இருக்கிறார்கள்.

"அப்பா, அம்மா இங்க இருக்காங்க. இப்ப வர வேணாம். காலையில வாங்க."

"அம்மாகிட்ட போனைக் குடு."

"வேணாம்ப்பா."

காலையில் முதல் மின்சார ரயிலில் போனேன். சுந்தரி குளித்து, மகளின் இன்னொரு சுடிதாரைப் போட்டுக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுத தடமே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்தேன். அவள் சேலை இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"மன்னிச்சுக்க சுந்தரி. பட்டியல்ல நம்ம பேரை எழுதாம விட்டது என் தப்புதான். இனிமே—"

"அதை விடுங்க."

"கோவமா இருந்தா திட்டிடு."

கத்தியைக் கீழே வைத்தாள்.

"முதல்ல பயமா இருந்துச்சுங்க. இருட்டப் போகுது, கையில ஒத்த ரூபா இல்ல. அப்புறம் கோவம். நீங்க வந்து எறங்குனதும் என்னென்ன கேக்கணும்னு ஒவ்வொண்ணா நெனச்சு வச்சேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து எல்லாத்தையும். அந்த வாட்ச்மேன் தம்பி டீ கொண்டாந்து குடுத்தாரு. குடிச்சிட்டுச் சும்மா உக்காந்திருந்தேன். யாரும் என்னை எதையும் பாத்துக்கச் சொல்லல. எதையும் எடுத்து வைக்கச் சொல்லல. காத்து நல்லா வந்துச்சு."

"சரி..."

"அப்ப ரோட்டுலேர்ந்து ஒரு வெள்ளை வேன் கேட் பக்கம் திரும்புச்சு. நம்ம வேன் மாதிரியே. நீங்கதான் வந்துட்டீங்கன்னு நெனச்சேன். நெனச்ச உடனே எழுந்து போயி டிக்கெட் கவுன்டருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன்."

"ஏன்?"

"உங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னுதான். பாத்தா அது ஐஸ்கிரீம் கம்பெனி வண்டி. நீங்க இல்லன்னு தெரிஞ்சதும் ஸ்தோத்திரம் ஆண்டவரேன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேங்க." என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அதுவரைக்கும் எனக்கே தெரியாது."

அவள் குரலில் குத்தலே இல்லை. குத்தல் இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். இருபத்தாறு வருடமாக அவள் எந்தக் குத்தலுக்கும் என்னிடம் பதில் இருந்திருக்கிறது.

கிறிஸ்டினா காபி கொண்டு வந்து வைத்தாள். நான் குடித்தேன். ஏடு படிந்திருந்தது. பையைச் சுந்தரி பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாங்க" என்றாள்.