மைனஸ் தகட்டில் குமிழி இல்லை

1

இந்தக் கதை என் குற்ற உணர்ச்சியில் பிறந்தது. நிரந்தர வேலையை விடச் சொல்லி அக்காவை உசுப்பேற்றியவன் நான்தான். அவளும் விட்டாள். இப்போது சர்க்யூட் போர்டு செய்யும் பட்டறை ஒன்றின் பின்னறையில், அங்கே கழிவாகும் நீல நீரிலிருந்து செம்பைப் பிரித்தெடுக்கப் பார்க்கிறாள். முதலாளி மூன்று தடவை முயன்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு ஊற்றிக்கொண்டன. மூன்றாவதும் போனால் அறை குடோன் ஆகிவிடும், அக்கா வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் அவள் ஜெயித்துவிட்டதாக முன்கூட்டியே எழுதிவைக்க நினைத்தேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: அயனிகள்* நீருக்குள் தவம் கிடந்தன… (அடித்துவிட்டேன். அயனிக்குத் தவமாம்!)

அடுத்தது: தொட்டிக்குள் இரண்டு தகடுகள் தொங்கின. அக்கா மின்சாரம் கொடுத்ததும் இரண்டிலும் குமிழிகள் கொண்டாட்டமாகப் பொங்கின. அவள் கண்களில்…

கண்களில் என்ன என்று யோசிப்பதற்குள் அக்கா தாளைப் பிடுங்கிப் படித்துவிட்டாள்.

"எழுத்தாளரே, நான் தோத்தத அப்படியே எழுதி வச்சிருக்க."

பிளஸ் தகட்டில் ஆக்சிஜன் வரும், அது நியாயம். மைனஸ் தகட்டில் செம்பு சத்தமில்லாமல் படிய வேண்டும். அங்கேயும் குமிழி வந்தால் அது ஹைட்ரஜன். செம்பை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். இரண்டு முறையும் அவசரப்பட்டு மின்சாரத்தைக் கூட்டியதால் வந்த வினை என்றாள்.

"மைனஸ் பக்கம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கணும்டா. அப்பதான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

* உப்பு நீரில் கரையும்போது பிரியும், மின்னேற்றம் கொண்ட துகள்கள். செம்பு அயனி மைனஸ் தகட்டை நோக்கிப் போகும். இதற்கு மேல் கேட்டால் எனக்கு முழி பிதுங்கிவிடும்.

3

முடிவு அ: தகடு செக்கச்செவேல் என்று வெளியே வருகிறது, முதலாளி கைகொடுக்கிறார்.

முடிவு ஆ: அறைக்குள் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்குகின்றன, நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல்… (இதை எழுத முடியவில்லை.)

இரண்டையும் காட்டினேன். வந்து பார்த்துவிட்டு எழுது என்றாள். பிறகு, போகிறபோக்கில், "நீ சொன்னதால ஒண்ணும் நான் வேலைய விடல. எனக்கே ஆசை இருந்துச்சு" என்றாள்.

நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. கூடவே கதை எழுத இருந்த காரணமும் போய்விட்டது.

5

(நான்காம் பகுதியைக் கிழித்துவிட்டேன். அதில் முதலாளியை வில்லனாக்கியிருந்தேன். பாவம், நல்ல மனிதர்.)

காலை பதினொரு மணி. அக்கா மின்சாரத்தை மிகக் குறைவாக வைத்து, நீரைக் கலக்கிவிடும் சின்ன மோட்டாரைப் போட்டாள். பிளஸ் தகட்டில் குமிழிகள் வரிசையாக ஏறத் தொடங்கின. வாசலில் நின்று எட்டிப் பார்த்த முதலாளிக்கு முகம் வாடிவிட்டது.

"ஒரு பக்கம் வேலை செய்யலையேம்மா?"

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

தகட்டை வெளியே எடுக்க இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். கையுறை மேசைமேல் இருக்கிறது, மாட்டிக்கொள்ளுங்கள். எந்தத் தகட்டைத் தூக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.