குதிரை வெட்டாத வீடு

எண்ணெய்ச் சட்டியில் மாவுத் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்த சைரா, சித்தப்பா கொட்டடியிலிருந்து குதிரையை அவிழ்த்து வருவதைப் பார்த்ததும் கரண்டியைப் பக்கத்து வீட்டு ஜிபாரிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். அப்பா விடியற்காலையில் போய்விட்டார். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு உள்ளே கிடத்தியாயிற்று. வாசலில் தம்பி எர்மெக் துக்க வழக்கப்படி இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டி, கோலை ஊன்றி, வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து அழுதுகொண்டிருந்தான்.

ஊர்த் தலைவன் வீட்டுச் சாவு. தேர்தல்வரை சுரங்கத்தில் அப்பாவோடு நிலக்கரி அள்ளிய எர்மெக், முப்பது வயதில் தலைவனாகிவிட்டான். அவன் போட்ட முதல் தீர்மானமே, சாவு வீட்டில் மாடு, குதிரை வெட்டி விருந்து போடக் கூடாது, டீயும் ரொட்டியும் போதும் என்பதுதான். அதற்குக் காரணம் சைரா. அவள் புருஷன் சுரங்கத்தில் செத்தபோது, ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, இருந்த ஒரே கறவை மாட்டையும் வெட்டிப் போட்டார்கள். வந்தவர்கள் வயிறாரத் தின்றுவிட்டு, தங்கமான மனுஷன் என்று சொல்லிப் போனார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பிள்ளைகள் பாலில்லாத டீ குடித்தார்கள். பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல்தான் எர்மெக் தேர்தலில் நின்றான். கரி அள்ளுற பயலுக்குத் தலைவர் நாற்காலியா என்று சிரித்தவர்களே கடைசியில் ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் கொட்டடியும் காலியாகத்தானே கிடந்தது.

அப்பா மட்டும் மனசு மாறவில்லை. நேற்று மத்தியானம் சைரா சூப் ஊட்டும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சட்டமெல்லாம் ஊருக்கும்மா. எனக்கு அந்தக் குதிரையை அடிச்சிடுங்க. ஊர்ச் சாவுலெல்லாம் தின்னவன் நான். என் வீட்டுலேர்ந்து யாரும் வெறும் வயித்தோட போகக் கூடாது."

சாகிறவர் சொல்லைத் தட்டக் கூடாது. அந்த ஊரில் அதற்கு மேல் சட்டமில்லை.

சித்தப்பா குதிரையோடு கூடார வாசலுக்கே வந்துவிட்டார். எல்லார் சாவிலும் நன்றாகத் தின்றுவிட்டு அப்பனைப் பட்டினிச் சாவாகப் புதைக்கப் போகிறாயா, நாளைக்கு நாலு பேர் காறித் துப்பமாட்டார்களா என்று எர்மெக்கைப் பிடித்துக் காய்ச்சினார். எர்மெக் தலையை நிமிர்த்தவில்லை. அவர் சைரா பக்கம் திரும்பினார்.

"கடைசியா கூட இருந்தவ நீதானே? அண்ணன் ஏதாவது சொல்லிட்டுப் போனாராம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும், சட்டமாவது கிட்டமாவது."

கூட்டம் அவளையே பார்த்தது. சட்டிப் பக்கத்தில் ஜிபாரின் கரண்டி நின்றுபோயிருந்தது. ஜிபாரின் புருஷன் சுரங்கத்து இருமலோடு படுத்த படுக்கையாக இருக்கிறான். அந்த வீட்டிலும் ஒரு மாடுதான்.

"ஒண்ணும் சொல்லலை சித்தப்பா. தண்ணி கேட்டாரு, குடுத்தேன்."

சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே குதிரையைத் திருப்பி நடத்திப் போனார். இரண்டு பெரியவர்கள் ரொட்டியைக்கூடப் பிட்டுப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்கள். வெறும் வயிற்றோடு போகிற அவர்களைப் பார்த்தபோது சைராவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாவு வீடுதானே, யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது, அவள் கூஜாவோடு நின்று ஒவ்வொருவர் கையிலும் வெந்நீர் ஊற்றினாள். எர்மெக் கடைசியாக வந்தான். அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது.

"குதிரையை அடிக்கச் சொன்னாராக்கா?"

அவள் கூஜாவைத் தூக்கிப் பிடித்தாள்.

"எங்கிட்டயும் சொன்னாரு," என்றான். "சித்தப்பா உன்னைக் கேட்டப்போ, நீ சொல்லிடக் கூடாதேன்னு நின்னேன். சொல்லிட மாட்டியான்னும் நின்னேன்."

அவன் விரல் இடுக்கெல்லாம் புதைகுழி மண் ஈரமாக ஒட்டியிருந்தது.

"நல்லா நீட்டு," என்றாள்.

அவன் இரண்டு கையையும் நீட்டினான். அவள் ஊற்றினாள். மண் போன பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்; அவனும் கையை எடுக்கவில்லை.