கரும்பலகையில் ஏறிய பெயர்

தாமிரபரணிக் கரையிலிருந்த அப்பள்ளியில், 1993ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்பின் தலைவியாக இருந்தவள் வித்யாலக்ஷ்மி. ஆசிரியை சாரம்மாள் வெளியே செல்லும்போதெல்லாம், பேசுவோர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவள் கடமை. பெயர் ஏறியவர்க்கு உள்ளங்கையில் இரண்டு அடி.

மந்திரமூர்த்தி ராதாபுரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். அவனுக்குப் பின்னால் சாய்ராம். ஆசிரியையின் காலடியோசை தேய்ந்ததும், சாய்ராம் வட்டம் வரையும் கவராயத்தின் முனையை முன்னிருப்பவன் முதுகில் வைத்து அழுத்துவான். வாய் திறக்கமாட்டான். மந்திரமூர்த்தி "அம்மா" என்பான். அவன் பெயர் பலகையில் ஏறும். கவராயத்தை வித்யாலக்ஷ்மி கண்டிருந்தாள். ஆனால் விதி பேச்சைப் பற்றியது. கவராயத்தைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

"ஏலே மந்திரம், நாளைக்கும் கத்துவேல்லா? ஒம் பேர போர்டுல பாக்கலன்னா எனக்குச் சோறு எறங்காது" என்பான் சாய்ராம், இடைவேளையில். பிறகு அவளைப் பார்த்து, "வித்யா கையெழுத்து முத்து முத்தா இருக்குல்லா" என்பான்.

மாலையில் விளக்கேற்றிப் பதிகம் பாடுவது அவள் வீட்டு வழக்கம். ஏழாம் பாட்டு, அழுத குழந்தையின் குரல் கேட்டு இறைவன் எழுந்து வந்ததைச் சொல்வது. ஆவணி பிறந்தபின் அவள் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவினாள்.

"ஏண்டி, ஏழாம் பாட்டை விட்டுட்டியே?" என்றாள் தாய் சீதாலக்ஷ்மி.

"மறந்துடுத்தும்மா."

மறக்கவில்லை. அவ்வடியை எடுத்தால் மந்திரமூர்த்தியின் "அம்மா" காதில் விழுந்தது. மறுநாளும், அதற்கடுத்த நாளும் அவ்வாறே.

புரட்டாசியில் ஒரு நாள், மந்திரமூர்த்தியின் குரல் எழுந்ததும், அவள் சுண்ணக்கட்டியை எடுத்துச் சாய்ராமின் பெயரை எழுதினாள்.

சாரம்மாள் திரும்பி வந்தார். "சாய்ராம், கைய நீட்டு."

"நான் பேசவே இல்ல டீச்சர். யார்ட்டனாலும் கேளுங்க."

அது உண்மை. வகுப்பு முழுவதும் தலையசைத்தது. ஆசிரியை தலைவியை நோக்கினார். "பேசுனானா?"

"பேசலை டீச்சர். காம்பஸால குத்தினான். அதனாலதான் மந்திரமூர்த்தி கத்தறான்."

"எத்தன நாளா?"

"ஆடி மாசத்துலேந்து."

"அப்பம் இத்தன நாளும் மந்திரமூர்த்தி பேர எழுதுனது யாரு?"

வித்யாலக்ஷ்மி பலகைப் பக்கம் திரும்பி, சாய்ராமின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதிவிட்டுக் கையை நீட்டினாள். இரண்டு அடி விழுந்தது. சாய்ராம் கவராயத்தோடு தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்பட்டான்.

அன்று மாலை அவள் ஏழாம் பாட்டைப் பாடினாள். கைத்தாளம் மட்டும் போடவில்லை.

மந்திரமூர்த்தி அவ்வாண்டு முடியும்வரை அவளோடு ஒரு சொல்லும் பேசவில்லை.