கழுவிவிட்ட ரூம்

விடிந்ததிலிருந்து ராஜகுமாரி டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கும் ரூமைக் கூட்டிக்கொண்டிருந்தாள். உத்தரத்திலும் மெஷின் இடுக்கிலும் அப்பியிருந்த தேயிலைத் தூசியை வழித்துப் போட்டு, தரையை இரண்டு தரம் கழுவிவிட்டாள். மூடியே கிடக்கும் நாலு ஜன்னல்களையும் கம்பியால் நெம்பித் திறந்தாள். நடுநடுவே இருமலுக்காக நின்றாள்.

காற்றை அளக்க ஆபீசர் வருகிறார். வரவழைத்ததே அவள்தான். எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோய் ஒன்றரை வருடம் ஆயிற்று. இந்தத் தூசியிலேயே இருந்தால் நுரையீரல் தாங்காது என்று குன்னூர் டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. மகள் ஜீவிதாவை எழுதச் சொல்லி கவர்மெண்டுக்கு மனுப் போட்டாள். தூசி அதிகம் என்று ஆபீசர் எழுதிவிட்டால் புது ஃபேன் வந்தே தீரும்.

"ஏனுங்கக்கா, கல்யாண ஊடா இது?" என்று உடன் வேலை செய்யும் சரிதா சிரித்தாள்.

"படிச்ச மனுசன் வர்றாருல்ல. குப்பையாக் கெடந்தா நம்மளத்தான கேவலமா நெனப்பாரு?"

"ஜன்னலச் சாத்து, மிஸ்ட் வந்தா தூள் நமுத்துப்போகும்" என்று தினமும் கத்துகிற சூப்பர்வைசர் லிங்கசாமி அன்று வாயே திறக்கவில்லை. தரை காயட்டும் என்று மெஷினையும் போடவில்லை. மனுசன் திருந்திவிட்டான் என்று நினைத்தாள், பாவி மகள்.

பத்து மணிக்கு ஆபீசர் வந்து, கையடக்கக் கருவியை நடு ரூமில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"எங்க ஆபீஸ்ல கூட இவ்வளவு நல்ல காத்து இல்லியே!"

ராஜகுமாரிக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், இது நான் கூட்டுனதுங்க. மெஷினப் போட்டுப் பாருங்க சார்."

"தரையெல்லாம் ஈரமுங்க சார். கரண்ட் அடிச்சுப்போடும்" என்றான் லிங்கசாமி.

"கருவி காட்டறதத்தானம்மா நான் எழுத முடியும்" என்று ஆபீசர் கிளம்பினார். ஜீப் ஜெகதளா ரோட்டில் திரும்பும் முன்பே ஜன்னல்களைச் சாத்தச் சொன்னான் லிங்கசாமி. திறந்துவிட்ட அதே கையாலேயே அவள் சாத்தினாள்.

அடுத்த வாரம் ரிப்போர்ட்டை லேமினேஷன் செய்து ரூம் கதவில் ஒட்டினார்கள். 'காற்றின் தரம்: நன்று.' மெஷின் ஓடி ஓடி, சாயங்காலத்துக்குள் எழுத்து தெரியாமல் தூசி மூடிவிட்டது.

"கவர்மெண்ட் பேப்பரு. தெனமும் தொடச்சு வெக்கோணும், ஆமா" என்றான் லிங்கசாமி.

மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு ராஜகுமாரி துடைத்தாள். 'நன்று' தெரிந்தது. துணியை உதறியதும் இருமல் பிடித்துக்கொண்டது. விழாமலிருக்க அந்தக் கதவையே பிடித்துக்கொண்டு நின்றாள்.