கேட்காமல் வந்த விதை

தேவிதாஸ் மூன்றாவது முறையாக எழுந்து நின்று, மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கருவேல மரத்தில் உட்கார்ந்திருந்த நான்கு காகங்களையும் கும்பிட்டான். ஒன்றுகூட இறங்கவில்லை. அப்பாவின் பத்தாம் நாள் பிண்டம் ஆற்றங்கரைக் கல்லின்மேல் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. காகம் தொடாமல் யாரும் சாப்பிட முடியாது. உத்தம் மாமாவுக்குச் சர்க்கரை வியாதி வேறு.

செத்தவருக்கு ஆசை ஏதாவது மிச்சமிருந்தால் காகம் வராது. அது இன்னதென்று கண்டுபிடித்து, நிறைவேற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் வரும். அதனால் ஆளாளுக்கு வாக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மாமா. அண்ணன் போக நினைத்த பண்டரிபுரத்துக்கு நான் நடந்தே போகிறேன் என்றார் சித்தப்பா. வரப்புத் தகராறை விட்டுவிடுகிறேன் என்று பக்கத்து நிலத்துக்காரன்கூடச் சொன்னான். காகங்கள் சிறகைக் கோதிக்கொண்டிருந்தன.

என்ன ஆசை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். சொல்ல வேண்டியவன்தான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா மாரோத்ராவிடம் ஒரு ஜாடி பருத்தி விதை இருந்தது. யவத்மாள் பக்கம் ஊருக்கு ஊர் கம்பெனி பாக்கெட்டுக்கு மாறிய பிறகும், வயலின் கிழக்கு ஓரத்தில் நாலு வரிசை பழைய ரகம் போட்டு, விதையெடுத்து, சாம்பல் கலந்து வைத்துக்கொள்வார். பாக்கெட் விதையை எடுத்து வைத்து மறுவருஷம் போட்டால், அது தாயைப் போலவும் வராது, தகப்பனைப் போலவும் வராது. வருஷா வருஷம் கடை வாசலில் போய் நிற்கத்தான் வேண்டும். நிற்பவர்களைப் பார்த்து, "என்னப்பா, இந்த வருஷமும் ரேஷனா?" என்று கேட்காமல் மாரோத்ராவின் சைக்கிள் அந்தக் கடையைத் தாண்டாது. அந்த வரிசையில் அவருடைய ஒரே பிள்ளையும் நிற்பான். கிழவருக்கு நாக்கில் சனி.

நாலு வரிசையை வைத்துக்கொண்டு எட்டு ஏக்கரை என்ன செய்வது? களை பிடுங்க ஆள் கிடைப்பதில்லை. இந்த வருஷம் தேவிதாஸ், களைக்கொல்லி அடித்தாலும் சாகாத, அரசாங்கம் அனுமதிக்காத திருட்டு விதையை, ரசீதும் இல்லாமல் பேரும் இல்லாமல் வாங்கி வந்துவிட்டான். வீட்டில் பெரிய சண்டை. மூச்சுக்கு மூச்சு ஜாடியைக் காட்டிப் பேசியவரைப் பொறுக்க முடியாமல், அதிலிருந்து ஒரு பிடி விதையை எடுத்துக்கொண்டு அப்பாவுக்குத் தெரியாமல் விவசாயக் கல்லூரிக்குப் போனான். குப்பை என்று எழுதிக் கொடுத்தால் அவர் மூஞ்சியில் வீசலாம்.

எழுதிக் கொடுத்தது வேறு. பத்துக்கு நாலு விதையில் கம்பெனி சரக்கு ஏறியிருக்கிறதாம். நாலு பக்கமும் பாக்கெட் பருத்தி. வண்டும் தேனீயும் வரப்பு பார்த்தா உட்காரும்? இத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் காத்தது இந்த லட்சணத்தில் இருந்தது. அதை அவரிடம் சொல்லத் தேவிதாஸுக்கு மனசு வரவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நாலு நாள் கழித்து, முதல் மழை ஈரத்தில் ஜாடியோடு வயலுக்குப் போன அப்பா, கிழக்கு ஓரத்திலேயே விழுந்து கிடந்தார். மாரடைப்பு.

"சொல்லித் தொலையேன்டா," என்றார் மாமா. "உங்க விதையத்தான் போடுவேன்னு ஒரு வார்த்தை. எனக்குத் தலை சுத்துது."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"காக்கா என்ன வயலுக்கு வந்து பாக்கப்போவுதா?"

தேவிதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, உங்கள் விதையைப் போடுகிறேன் பாபா என்று பிண்டத்தைப் பார்த்துச் சொன்னான். ஒரு காகம் எழுந்து அக்கரைக்குப் பறந்தது. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். உயிரோடிருந்தபோதும் மனுஷர் இப்படித்தான். சரியென்று தலையாட்டினாலும் விடமாட்டார், மனசார ஆட்டவில்லை என்பார்.

சடங்கு நடத்த வந்த பட்ஜிக்கு அடுத்த ஊரில் இன்னொரு பத்தாம் நாள் காத்திருந்தது. தர்ப்பையை முறுக்கி ஒரு காகம் செய்து, அதன் மூக்கால் பிண்டத்தைத் தொட்டுவிட்டு, இதற்கும் சாஸ்திரத்தில் இடமிருக்கிறது என்றார்.

"இதுவும் பாக்கெட்லதான் வருதா பட்ஜி?" என்றார் மாமா.

யாரும் சிரிக்கவில்லை. தேவிதாஸுக்கு அந்தக் கல்லைப் பிடுங்கி ஆற்றில் போட வேண்டும் போலிருந்தது.

வீட்டு வாசலில் அம்மா அனுசயா நின்றிருந்தாள்.

"காக்கா தொட்டுச்சா?"

"தொட்டுச்சு ஆயி."

"புல்லுக் காக்காவா?"

அவள் உள்ளே போய், தண்ணீர் பட்டுச் சுருங்கிய ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"துவைக்கிறப்ப உன் சட்டையில இருந்துச்சு. என்னன்னு உங்க பாபா படிக்கச் சொன்னார். படிச்சேன்."

"எப்போ?"

"போறதுக்கு மொத நாள் சாயங்காலம்."

தேவிதாஸ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அப்படியானால் நான்தான் அவரை, என்று தொடங்கியவனை அவள் முடிக்க விடவில்லை.

"வாய மூடு. அவரு என்ன சொன்னாருன்னு கேளு. 'கம்பெனிக்காரன் என்னைக் கேக்காம என் வயலுக்குள்ள பூந்திருக்கான். அதுக்கு நான் எந்திரிச்சுப் போகணுமா'ன்னார். காலையில சாயாகூடக் குடிக்காம ஜாடியத் தூக்கிட்டுக் கெளம்பிட்டார்." தாளை அவன் மடியில் போட்டாள். "'பய எங்கிட்ட சொல்ல முடியாம மறைச்சு வெச்சிருக்கான், நமக்குத் தெரியும்னு காட்டிக்காதே'ன்னு வேற சொன்னார். நான் காட்டிட்டேன்."

இலை போட்டாகிவிட்டது என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். தேவிதாஸ் வயலை நோக்கி நடந்தான். பட்டினியோடு எங்கே போகிறாய் என்று கத்திக்கொண்டே மாமா பின்னால் வந்தார்.

தீட்டு என்று பத்து நாளாக யாரும் வயலில் கால் வைக்கவில்லை. திருட்டு விதை வீட்டுப் பரணிலேயே கிடந்தது. இரண்டு மழைக்கு எட்டு ஏக்கரும் களை மண்டிக் கிடக்க, கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை முளைத்திருந்தது, செடிக்கு இரண்டிரண்டு இலையாக. பாதியில் அது நின்றது. நின்ற இடத்தில் ஜாடி சரிந்து கிடந்தது. அவரைத் தூக்கிப் போன அவசரத்தில் அதை யாரும் நினைக்கவில்லை. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

தேவிதாஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். வரிசை லேசாகக் கோணியிருந்தது.

"நேராப் போடத் தெரியாதா உங்களுக்கு?" என்று திட்டினான்.

ஜாடியைத் திறந்தான். கடைசி முளையிலிருந்து ஒரு முழம் அளந்து, அந்தக் கோணலைப் பிடித்தே விரலால் அடுத்த குழியைப் போட்டான்.