அளவுக்கு மீறிப் பூத்த மாமரம்

புலாவ் செபாங்கில் கணேஸ்வரன் வசிக்கும் தாமான் குடியிருப்பில் அந்த ஆண்டு அவர் வீட்டு மாமரத்தைப் பற்றித்தான் பேச்சு. இலை தெரியாத அளவுக்குப் பூத்திருந்தது. ரயில் நிலையத்தில் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மரத்தடியில் நிற்பார் கணேஸ்வரன். படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். "இந்த வருசம் வீட்டுக்கு ஒரு கூடை" என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு வடிவேலுவின் மரத்தில் வழக்கம்போல அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூ. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி கேட்டார்.

"என்னா உரம் போட்டீங்க, சொல்லுங்கலா."

"ஒண்ணுமே போடல அண்ணே. கைராசிதான்."

கணேஸ்வரனின் மனைவி தேவமலர், மஸ்ஜித் தானாவில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் தாதி. நோயாளி உள்ளே நடந்து வருவதைப் பார்த்தே, இன்று உடம்பில் நீர் கூடியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். பூ பிஞ்சாகத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கண் கூசியது. மாமர நிழலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்த மூலையில் போட்ட துணி சாயங்காலம்வரை ஈரமாகவே கிடக்கும்.

அண்ணாந்து பார்த்தார். உச்சிக் கிளைகளின் நுனிகள் மொட்டையாக நின்றன. இருந்த இலைகளும் சிறுத்து, வெளிறிப் போயிருந்தன. எட்டிய ஒரு சிறு கிளையை வளைத்துப் பட்டையை நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சையாக இருக்க வேண்டியது பழுப்பாக இருந்தது. அடுத்த கிளையைக் கீறினார். அதில் பச்சை இருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"ஏங்க, மரத்துக்கு உடம்பு சரியில்ல."

கணேஸ்வரன் சிரித்தேவிட்டார். "இவ்வளவு காய் பிடிச்சிருக்கு, உடம்பு சரியில்லையா? நோயாளிங்களையே பார்த்து உனக்கு எல்லாமே நோயாளியா தெரியுது மலரு."

தேவமலர் மூன்று ஆண்டுக்கு முந்தைய தீபாவளிப் படம் ஒன்றைக் கைப்பேசியில் தேடி எடுத்து, படம் எடுத்த அதே இடத்தில் கணவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மரத்துக்கு நடுவுல நீலமா தெரியுதே, அது என்ன?"

"பின்தெரு தினேஸ்வரன் வீட்டுத் தண்ணித் தொட்டி."

"இந்தப் படத்துல அது எங்க?"

கணேஸ்வரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இலைதான் இருந்தது. தொட்டியைக் காணவில்லை.

"அவரு புதுசா வச்சிருப்பாரு."

"போன் போட்டுக் கேளுங்க."

கேட்டார். தொட்டி வைத்துப் பத்து வருடமாகிறது, ஏன், ஒழுகுகிறதா என்று தினேஸ்வரன் பதறினார். இல்லை இல்லை என்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, மரத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார் கணேஸ்வரன்.

"அப்ப இவ்வளவு பூ எப்படி?"

"முடியாமப் போற மரம் சில சமயம் இருக்கிற பலத்தையெல்லாம் பூவுல கொட்டிடுமாம்லா. கீழ பாருங்க. வடிவேலு அண்ணன் வீட்டு மரம் அடியில அகலமாகி வேராப் பிரியுது. நம்மளது லைட் கம்பம் மாதிரி நேரா சிமெண்டுக்குள்ள இறங்குது."

அந்தச் சிமெண்டு, இரண்டு வருடங்களுக்கு முன் கணேஸ்வரன் ஒரு வாரம் லீவு எடுத்து, மண் கொட்டித் தரையை உயர்த்தி, தம் கையாலேயே போட்டது. அன்று மாலை அவர் குழுவில் படம் எதுவும் போடவில்லை. இரண்டு தரம் வெளியே போய், அடிமரத்தில் கை வைத்து நின்றுவிட்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை சம்மட்டிச் சத்தம் கேட்டு வடிவேலு ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் கடப்பாரையைப் பிடித்தார். சிமெண்டுக்குக் கீழே ஒரு முழத்துக்கு மண். அதற்குள் புதைந்திருந்த பட்டை கறுத்து, ஈரமாக, புளித்த வாடை அடித்தது.

"மூச்சு முட்டிக் கிடந்திருக்கு," என்றார் வடிவேலு.

வேர் அறுபடக்கூடாது என்று கடைசி மண்ணைக் கையாலேயே வாரினார்கள். மதியத்துக்குள் மரம் கால்களை அகட்டி நிற்பதுபோல அதன் அடி தெரிந்தது.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் தேவமலர். "பிஞ்சைப் பறிச்சிடணும். இவ்வளவையும் சுமக்க இதுக்குத் தெம்பு இல்ல."

"எல்லாத்தையுமா? கூடை கூடையா தர்றேன்னு சொல்லிட்டேனே மலரு!"

சொன்னாரே தவிர, ஏணியை எடுத்து வந்தவரும் அவர்தான். ஒவ்வொரு பிஞ்சையும் பெருமூச்சோடு பறித்தார். வடிவேலுவின் மனைவி மங்களம், அத்தனையையும் உப்பும் மிளகாயும் போட்டு மாவடுவாக ஊறவைத்தார். பத்து நாள் கழித்துக் குழுவில் புது அறிவிப்பு வந்தது: "இந்த வருசம் கூடை இல்லை, போத்தல்." கூடை கேட்காமல் இருந்தவர்கள்கூட இரண்டு போத்தல் கேட்டார்கள்.

செத்துப்போன நுனிகளை வெட்டினார்கள். கிழக்குப் பக்கத்துப் பெரிய கிளை ஒன்று தேறவில்லை. அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. மற்றபடி, காய்ந்த இலையை அடிமரத்தில் படாமல் சுற்றிலும் பரப்பி, மழையில்லாத நாளில் தண்ணீர் விட்டு, காத்திருந்தார்கள்.

ஜூலையில் ஒருநாள் வேலை நேரத்தில் தேவமலரின் கைப்பேசி அடித்தது.

"மலரு! துளிரு! உச்சி வரைக்கும் செக்கச் செவேல்னு!"

கணேஸ்வரன் கத்திய கத்தல் பக்கத்து நாற்காலியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த தம்புசாமிக்கும் கேட்டது. "யாருக்கு மிஸ்ஸி குழந்தை?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், ஊசி இல்லாத கையால் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அதன்பின் கணேஸ்வரனை எங்கும் அழைத்துப்போக முடியவில்லை. கோலா சுங்கை பாருவில் உறவுக்காரப் பெண் அனுசியாவின் வீட்டு விருந்தில், சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோம். தேடிப் போனால், விருந்துக்குப் போட்ட பூவேலைப் பத்தேக் சட்டையோடு ரம்புத்தான் மரத்தடியில் குந்திக்கொண்டு விரலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சாப்பாடு ஆறுது."

"இரு மலரு. இந்த இலையைப் பாரு, நுனியெல்லாம் கருகுது."

பின்னாலேயே வந்த அனுசியா பயந்துபோனார். "என்னாச்சுண்ணே எங்க மரத்துக்கு?"

"நல்லவேளை, இப்பவே பார்த்தாச்சு, பயப்படாத. இங்க மண்ணைக் குவிச்சது யாரு?"

அனுசியாவின் கணவர் காந்தன் மெல்லக் கையைத் தூக்கினார். தேவமலர் சிரிப்பை அடக்க முடியாமல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாமும் குந்தி உட்கார்ந்தார்.